எட்டாம் எட்வர்டின் 1936 கிரவுன் காசு: வெளியிடப்படாத சோதனை நாணயமா?

வைப்பாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா தூத்துக்குடியிலிருந்து கப்பல் வேலைக்குப் போனவர். அவர் விட்டுச்சென்ற பிஸ்கட் டப்பாவில் ஏறத்தாழ நாற்பது வெளிநாட்டுக் காசுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை கறுத்துப்போன செப்புக் காசுகள். ஒன்று மட்டும் பெரிதாக, வெள்ளி நிறத்தில், தேய்மானமே இல்லாமல் பளபளக்கிறது. தலைப் பக்கத்தில் முடி சூடாத ஓர் அரசரின் முகமும் எட்டாம் எட்வர்டின் பெயரும், பூப் பக்கத்தில் 1936 என்ற ஆண்டும் உள்ளன.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் காசு வியாபாரி ஒருவரிடம் காட்டினேன். அரியணையைத் துறந்த அரசரின் காசு இது, ஒருபோதும் புழக்கத்துக்கு வரவில்லை, சோதனைக்காக அடித்த சிலவற்றில் ஒன்று, லண்டனில் கோடிக்கணக்கில் விலைபோகும் என்றார். அதே மூச்சில், தாமே 40,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். கோடி பெறுமதியான பொருளை 40,000 ரூபாய்க்குக் கேட்பது எனக்கு உறுத்தலாக இருந்ததால் திரும்பி வந்துவிட்டேன்.

சோதனை நாணயம் என்றால் என்ன, என் கையில் இருப்பது அதுதானா என்பதை எப்படி அறிவது? விற்கும் எண்ணத்தைவிட, தாத்தா எதை வைத்திருந்தார் என்று தெரிந்துகொள்ளும் ஆவலில்தான் கேட்கிறேன்.

கம்பட்டம் எழுதியது:

வைப்பாறு அவர்களே, அந்த வியாபாரி சொன்ன வரலாறு ஏறக்குறைய சரி. அதை உங்கள் காசோடு முடிச்சுப்போட்டதுதான் தவறு. உங்கள் கேள்விக்கான விடை நீங்களே எழுதியிருக்கும் 1936 என்ற ஆண்டில் இருக்கிறது. முதலில் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் ஜார்ஜ் 1936 ஜனவரி 20 அன்று இறந்தார். அன்றே எட்வர்டு அரசரானார் என்றாலும், அரசர் மாறிய மறுநாளே காசு மாறிவிடாது. புதிய முகத்தைச் செதுக்க வேண்டும், அதற்கு அரசரின் ஒப்புதல் வேண்டும், அதிலிருந்து அச்சுகளைத் தயாரிக்க வேண்டும், கடைசியாக இந்தக் காசுகள் செல்லும் என்று அரச அறிவிப்பு வெளியாக வேண்டும். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும் என்பதால், 1936 முழுவதும் பிரிட்டனின் நாணயச்சாலை மறைந்த அரசரின் முகத்துடனேயே காசு அடித்துக்கொண்டிருந்தது. எட்வர்டின் காசுகளை 1937 ஜனவரி முதல் நாள் வெளியிடுவது என்று திட்டம். டிசம்பர் 11 அன்று அவர் அரசராக இல்லை. 326 நாள் ஆட்சி, புத்தாண்டுக்கு மூன்று வாரம் இருக்கையில் முடிந்துபோனது.

வேலை அநேகமாக முடிந்திருந்த கட்டம் அது. டி. எச். பேஜெட் செதுக்கிய முகம் தேர்வாகியிருந்தது. தங்கத்தில் 5 பவுண்டு தொடங்கிச் சிறு வெண்கலக் காசான ஃபார்திங் வரை அச்சுகள் செய்து, சரிபார்ப்பதற்காகச் சில தொகுதிகளும் அடித்திருந்தார்கள். வரவேண்டியிருந்தது அரச அறிவிப்பு ஒன்றுதான். அது வரவேயில்லை. ஆகவே அந்தக் காசுகள் சட்டத்தின் கண்ணில் ஒரு நாள்கூடப் பணமாக இருந்ததில்லை. சேகரிப்பாளர்கள் இவற்றைத்தான் பேட்டர்ன் என்கிறார்கள். தமிழில் மாதிரிக் காசு என்றும் சோதனை நாணயம் என்றும் சொல்கிறோம்.

இப்போது ஆண்டுக்கு வருவோம். 1937இல் வெளியிடுவதற்கென்று தயாரான காசுகள் என்பதால் அந்தத் தொகுதிகளில் 1937 என்றே பொறித்திருக்கிறது. உங்களிடம் இருப்பது போன்ற பெரிய வெள்ளிக் காசுக்கு, அதாவது ஐந்து ஷில்லிங் காசுக்கு, கிரவுன் என்று பெயர். எட்வர்டின் முகமும் 1936 என்ற ஆண்டும் சேர்ந்த கிரவுன் காசு அந்தத் தொகுதியைச் சேர்ந்ததாக இருக்க வழியில்லை. உங்களிடம் இருப்பது பிற்காலத்தில் தனியார் விற்பனைக்காகச் செய்த கற்பனைக் காசு. அரசர் 1936இல் ஆண்டார், ஆகவே காசிலும் 1936 இருக்க வேண்டும் என்று வாங்குபவர் நினைப்பது இயல்பு. செய்தவர்கள் அந்த நினைப்புக்கு ஏற்றபடி ஆண்டைப் போட்டார்கள். பிரிட்டனின் பெயரில் மட்டுமல்லாமல், அதன் ஆட்சியில் இருந்த பல நாடுகளின் பெயரிலும் இத்தகைய கிரவுன்கள் உலவுகின்றன.

தங்கசாலைத்தெரு எழுதியது:

கம்பட்டம் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். வைப்பாறு, உங்கள் காசில் அரசர் எந்தப் பக்கம் பார்க்கிறார்?

இரண்டாம் சார்லஸ் காலத்திலிருந்து பிரிட்டனின் காசுகளில், ஓர் அரசர் இடப்பக்கம் பார்த்தால் அடுத்தவர் வலப்பக்கம் பார்ப்பது மரபு. ஐந்தாம் ஜார்ஜ் இடம் பார்த்தவர். எட்வர்டு வலம் பார்த்திருக்க வேண்டும். தம் இடப்பக்க முகமே அழகு, தலையின் வகிடும் அந்தப் பக்கம்தான் தெரிகிறது என்பது அவருடைய எண்ணம். நாணயச்சாலை எடுத்துச் சொல்லியும் அவர் இணங்கவில்லை. பேஜெட்டும் இடம் பார்க்கும் முகத்தையே செதுக்கினார்.

எனக்கு இதைவிட வியப்பாக இருப்பது அடுத்து நடந்தது. அரியணையேறிய தம்பி ஆறாம் ஜார்ஜ் இடப்பக்கம் பார்த்தார். அண்ணனின் காசு வெளிவந்திருந்தால் அது மரபுப்படி வலம் பார்த்திருக்கும் என்று வைத்துக்கொண்டு, அதற்கு எதிர்ப்பக்கமாக இவரைத் திருப்பினார்கள். எலிசபெத் வலம் பார்த்தார், இன்றைய மூன்றாம் சார்லஸ் இடம் பார்க்கிறார். வெளிவராத ஒரு காசு, அதுவும் அது எப்படி இருந்திருக்க வேண்டுமோ அந்த வடிவில், இன்று வரை வரிசையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் என் தொகுப்பில் 1936க்கும் 1937க்கும் நடுவே ஒரு வெற்றுக் குழியை விட்டுவைத்தது சரிதான் என்று தோன்றுகிறது.

வைப்பாறு எழுதியது:

ஐயா இருவருக்கும் நன்றி. அரசர் இடப்பக்கம்தான் பார்க்கிறார். அது அசலுக்குச் சான்றாகாது என்பது புரிகிறது. போலி செய்தவரும் இதே வரலாற்றைப் படித்திருப்பாரே.

ஏமாற்றம் இல்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் ஆண்டு ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்ட மனம் ஒப்பவில்லை. அச்சு செய்யும்போது 1936 என்று ஒன்றிரண்டு அடித்துப் பார்த்திருக்கலாம் அல்லவா? உலோகத்தைச் சோதித்து அறிய வீட்டில் செய்யக்கூடிய வழி ஏதும் உண்டா? தேய்த்துப் பார்க்கவோ அமிலம் விடவோ எனக்கு விருப்பமில்லை.

உரைகல் எழுதியது:

நான் காசு சேகரிப்பவன் அல்லன். நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். உலோகம் பற்றிய கேள்வி என்பதால் உள்ளே வந்தேன். உரசவும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். தண்ணீரே சொல்லிவிடும்.

நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். முதலில் காசை உலர்ந்த நிலையில் எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின்மேல் பாதியளவு தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குவளையை வைத்து எடையைச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி, குவளையின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். காசில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்களை நூலை லேசாக அசைத்து நீக்கிவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண், காசு விலக்கிய தண்ணீரின் எடை. உலர் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும்.

தூய வெள்ளி என்றால் 10.5 அளவில் வரும். 92.5 சதவீத வெள்ளிக்கு 10.3 அல்லது அதற்குச் சற்று மேல். வெள்ளியே இல்லாத செம்பு-நிக்கல் கலவைக்கு 8.9. அந்தக் காலத்து ஆங்கிலக் காசில் வெள்ளி எவ்வளவு என்பதை மற்றவர்கள்தாம் சொல்ல வேண்டும். தொங்கவிடும் காசு அசையாமல் நின்ற பிறகே எண்ணைப் படியுங்கள். அவசரப்பட்டால் வெள்ளி ஈயமாகும், ஈயம் வெள்ளியாகும்.

கம்பட்டம் எழுதியது:

உரைகல் அவர்களின் கேள்விக்கு விடை: பிரிட்டன் 1920இல் வெள்ளிக் காசின் தரத்தை 92.5இலிருந்து 50 சதவீதமாகக் குறைத்துவிட்டது. 1937இல் முறையாக வெளிவந்த ஆறாம் ஜார்ஜ் கிரவுன் 28.28 கிராம் எடை. அதில் பாதி வெள்ளி, மீதி செம்பும் சிறிதளவு நிக்கலும் துத்தநாகமும். அந்தக் கலவைக்கு அடர்த்தி 9.5 அளவில் வரும். எட்வர்டின் கிரவுனும் அதே தரத்தில்தான் தயாரானது. பூப் பக்கத்தில் குரூகர் கிரே வரைந்த அரச சின்னத்தையே தம்பியின் கிரவுனுக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

வைப்பாறு, ஒன்றிரண்டு 1936இல் அடித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். எனக்கும் இளமையில் அந்த நப்பாசை இருந்தது. ஆனால் சோதனை நாணயம் யார் கையிலும் தானாக வந்து விழுவதில்லை. அடித்தவை எத்தனை, யாரிடம் கொடுத்தார்கள், எத்தனை திரும்பின என்று கணக்கு வைப்பார்கள். எட்வர்டின் காசுகள் நாணயச்சாலைத் துணைத் தலைவரின் பெட்டகத்தில் முத்திரையிட்ட ஓர் அட்டைப் பெட்டிக்குள் கிடந்தன. பெயரளவில் அங்கே தலைவர் நிதியமைச்சர்தான் என்பதால், துணைத் தலைவர் என்பவரே உண்மையில் ஆலையை நடத்துபவர். 1970 வரை அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. அரியணை துறந்த எட்வர்டே தம் முகம் பொறித்த தொகுதி ஒன்றைக் கேட்டபோது, தம்பி மறுத்துவிட்டார். காசில் முகம் இருந்தவருக்கே கிடைக்காத காசு அது.

மூன்றுபைசா எழுதியது:

கணக்கு வைப்பார்கள் என்பது சரிதான் ஐயா. ஆனால் கணக்கு வைத்தும் தப்பிய காசுகள் உண்டு. எந்த வழியாகத் தப்பின என்று பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது.

எட்வர்டின் காசுகளிலேயே பன்னிரண்டு மூலைகள் கொண்ட பித்தளை மூன்று பென்னி ஒன்று உண்டு. அதுவரை பிரிட்டனில் அப்படியொரு வடிவம் இல்லை. காசு போட்டால் பொருள் தரும் இயந்திரங்கள் அதை ஏற்குமா என்று பார்ப்பதற்காக, வெவ்வேறு தடிமனில் சிலவற்றை அடித்து இயந்திரம் செய்பவர்களிடம் கொடுத்தார்கள். அவற்றில் சில திரும்பவில்லை. ஃபிரான்சஸ் மாட்ஜ் கிச்சனர் வரைந்த கடலோரப் பூச்செடி அவற்றில் இயல்பான வடிவில் இருக்கும். 1937இல் தம்பியின் பெயரில் வெளிவந்த காசில், பெர்சி மெட்கால்ஃப் அந்தச் செடியை ஒழுங்குபடுத்தி இறுக்கமான வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் கண்ணுக்கு முதலாவதே உயிருள்ளதாகத் தெரிகிறது.

அமெரிக்காவின் 1974 அலுமினிய சென்ட்டும் இதே கதைதான். 1973இல் செம்பின் விலை ஏறியது. ஒரு சென்ட் காசில் உள்ள செம்பே ஒரு சென்ட்டைத் தாண்டிவிடும் என்ற நிலை வந்தபோது, அலுமினியத்துக்கு மாற முனைந்து, 1974 என்ற ஆண்டைப் பொறித்து 15 லட்சத்துக்கும் அதிகமாக அடித்துவிட்டார்கள். வழக்கமான சென்ட் 3.11 கிராம், அலுமினியத்தில் அது ஒரு கிராமுக்கும் குறைந்தது. சட்டத் திருத்தம் வேண்டியிருந்ததால், நாணயச்சாலை இயக்குநர் மேரி புரூக்ஸ் நாடாளுமன்றக் குழு உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய அலுவலர்களுக்கும் மாதிரிகளைக் கொடுத்தார். செம்புச் சுரங்கத் துறையினர் எதிர்த்தார்கள். இலகுவான காசு இயந்திரத்தில் சிக்கும் என்று இயந்திரக்காரர்கள் எதிர்த்தார்கள். குழந்தை விழுங்கிவிட்டால் அலுமினியம் எக்ஸ்ரே படத்தில் தசையிலிருந்து பிரித்தறிய முடியாதபடி மங்கலாக விழும் என்று மருத்துவர்களும் சொன்னார்கள். திட்டம் கைவிடப்பட்டது, அடித்தவை உருக்கப்பட்டன, கொடுத்த மாதிரிகளைத் திருப்பிக் கேட்டார்கள். பத்துப் பதினைந்து வரவில்லை. ஒன்று இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டிருப்பதற்கும் அலுமினியமே காரணம். அமெரிக்கா அஞ்சிப் பின்வாங்கியதை இந்தியா 1964இலேயே செய்துவிட்டிருந்தது. அந்த ஆண்டு வந்த அறுகோண மூன்று பைசா 1.25 கிராம். அடுத்த ஆண்டு சதுரமான ஒரு பைசா 0.75 கிராமில் வந்தது. காற்றடித்தால் பறக்கும் என்று என் பாட்டி அதை முந்தானையில் இறுக்கி முடிந்துகொள்வார். ஒரு நாட்டில் புழக்கத்துக்கே வராமல் உருகிப்போன எண்ணம், இன்னொரு நாட்டில் கோடிக்கணக்கான கைகளில் புழங்கித் தேய்ந்திருக்கிறது.

நடுத்தூண் எழுதியது:

இழையை ஆர்வத்தோடு படித்தேன். ஆனால் அடிப்படையான ஒரு கேள்வியை யாரும் எழுப்பவில்லை. புழங்காத ஒன்றை ஏன் நாணயம் என்கிறோம்? கைமாறுவதற்காகப் பிறந்ததுதான் காசு. சந்தையில் ஒரு நாளும் அரிசி வாங்காத, கூலியாகக் கொடுபடாத, உண்டியலில் விழாத ஒரு வட்டத் தகட்டுக்குக் கோடிகளைக் கொட்டுவதும், தேய்ந்து வழுவழுப்பான ஒரு சோழர் செப்புக் காசை நூறு ரூபாய்க்குக் கேட்பாரற்று விடுவதும் எனக்கு முறையாகப் படவில்லை. வரலாறு அந்தத் தேய்மானத்தில்தான் இருக்கிறது. சோதனை நாணயங்களின் இடம் ஆலையின் ஆவண அறை. தனியாரின் பெட்டகம் அன்று.

உடைமை பற்றியும் எனக்கு ஐயம் உண்டு. அரசு வெளியிடாத காசு அரசின் சொத்துதானே? ஏலத்தில் வாங்கியவர் எப்படி அதற்கு உரிமையாளர் ஆவார்?

தங்கசாலைத்தெரு எழுதியது:

நடுத்தூண் ஐயா, உடைமை பற்றிய உங்கள் ஐயத்துக்கு நாட்டுக்கு நாடு விடை வேறு. அமெரிக்கா நீங்கள் சொல்வதைத்தான் சொல்கிறது. டென்வர் ஆலையின் டி எழுத்து பொறித்த 1974 அலுமினிய சென்ட் ஒன்று 2014இல் கலிஃபோர்னியாவில் வெளிப்பட்டு ஏலத்துக்கு வரவிருந்தபோது, முறையாக வெளியிடப்படாத காசு அரசுக்கே உரியது என்று நாணயச்சாலை உரிமை கோரியது. வழக்கு நடந்து, 2016இல் காசு திரும்ப ஒப்படைக்கப்பட்டது. டென்வரில் அப்படி ஒன்று அடித்ததே அதுவரை பலருக்குத் தெரியாது. அது சேகரிப்பாளர் கைக்கு எட்டாமல் போனது எனக்கு வருத்தமே. ஆயினும் தீர்வு நேர்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிரிட்டனில் நிலைமை வேறு. எட்வர்டின் 1937 சவரன் ஒன்று 2014இல் 5,16,000 பவுண்டுக்கு வெளிப்படையாக ஏலம் போனது. 2020இல் ஒரு சவரனை நாணயச்சாலையே முன்னின்று தேடிப் பிடித்து, ஒருவருக்கு 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கிக்கொடுத்தது. 22 காரட்டில் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவான தங்கம் அது. அடுத்த ஆண்டு அமெரிக்க ஏலமொன்றில் அவருடைய 5 பவுண்டுத் தங்கக் காசு 22 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆலையே இடைநின்று வாங்கித் தரும் பொருளைத் திருட்டுச் சொத்து என்று யாரும் சொல்ல முடியாது.

கம்பட்டம் எழுதியது:

நடுத்தூண் ஐயாவின் முதல் கேள்விக்கு என்னால் இயன்ற விடை. தேய்ந்த காசு மக்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்கிறது. அதில் எனக்கு மாறுபாடு இல்லை. அடித்து நிறுத்திய காசு, ஆட்சியாளர்கள் என்ன செய்ய நினைத்தார்கள், எதற்காக மனம் மாறினார்கள் என்பதைச் சொல்கிறது. எட்வர்டின் அரைக் கிரவுனில் அரசரின் கொடி இருக்கிறது. தம்பியின் அரைக் கிரவுனில் அது கேடயமாகிவிட்டது. ஆறு பென்னியில் ஆறு வளையங்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. தம்பியின் காசில் அதுவும் போய்விட்டது. புதுமையை விரும்பிய ஓர் அரசருக்காக வரைந்த வடிவங்கள் அவரோடு போனபோது, மரபை நிலைநிறுத்த வந்த தம்பிக்குப் பழகிய வடிவங்கள் திரும்பின. ஆவணங்களில் பக்கம் பக்கமாகத் தேடவேண்டிய ஒரு மனமாற்றம், இரண்டு காசுகளை அடுத்தடுத்து வைத்தால் கண்ணுக்கே தெரிகிறது.

விலையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். இந்த விலைகள் அறிவோடு தொடர்பில்லாதவை. போலிகள் பெருகுவதற்கும் அவைதாம் காரணம்.

கிளிஞ்சல் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். வெளியிடாமல் அழித்த காசுகளில் ஜப்பானின் பீங்கான் காசு எனக்கு மிகவும் நெருக்கமானது. 1945இல் போருக்கு உலோகமெல்லாம் போய்விட, பெயர்பெற்ற மட்பாண்ட ஊர்களான கியோட்டோ, செட்டோ, அரிட்டா ஆகிய இடங்களில் சுட்ட மண்ணில் சென் காசுகளைச் செய்தார்கள். கோடிக்கு மேல் செய்து முடித்த நிலையில் ஆகஸ்ட்டில் போர் முடிந்தது, காசுகளை நொறுக்கினார்கள். தப்பிய சில சேகரிப்பாளர்களிடம் உள்ளன. செம்பழுப்பு நிறத்தில், சட்டை பொத்தானைப் போல இருக்கும் ஒன்றை ஒரு கண்காட்சியில் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். விரலுக்குச் சில்லென்று இருக்கவில்லை. காசு என்றால் சில்லென்று இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வைப்பாறு எழுதியது:

நேற்று மாலை தெரிந்த நகைக்கடையில் தராசைக் கேட்டு வாங்கி, உரைகல் அவர்கள் சொன்ன முறைப்படி மூன்று முறை எடைபோட்டேன். உலர்ந்த எடை 28.20 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டபோது தராசு முதல் முறை 2.76, அடுத்த இரண்டு முறையும் 2.74 காட்டியது. வகுத்துப் பார்த்தால் 10.3 அளவில் வருகிறது.

அப்படியென்றால் இது 92.5 சதவீத வெள்ளியா? அசலைவிட நல்ல வெள்ளியா?

உரைகல் எழுதியது:

சரியாகச் செய்திருக்கிறீர்கள். முதல் முறை ஒரு குமிழ் ஒட்டியிருந்திருக்கும், அவ்வளவுதான். உங்கள் காசு நகைத்தர வெள்ளி. இன்றைய வெள்ளி விலைக்கு எப்போதும் பெறும். உருக்கிவிடாதீர்கள்.

கம்பட்டம் எழுதியது:

ஆம். அசலில் பாதிதான் வெள்ளி. உங்களுடையதில் நூறுக்குத் தொண்ணூற்றிரண்டரை. தரம் கூடியிருப்பதே இது நாணயச்சாலையில் பிறந்ததன்று என்பதற்கு இரண்டாவது சான்று. ஆலை ஒரு கிரவுனுக்கு உரிய கலவையில்தான் மாதிரியும் அடிக்கும். விற்பனைக்காகச் செய்பவரோ வாங்குபவர் மகிழ நல்ல வெள்ளியைப் போடுவார். ஆண்டும் உலோகமும் ஒன்றையே சொல்லும்போது இனி ஐயத்துக்கு இடமில்லை.

இதே எச்சரிக்கையை இந்தியக் காசு வாங்குபவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துப் பழைய அச்சுகளைக் கொண்டு இந்திய நாணயச்சாலைகள் சேகரிப்பாளர்களுக்காக 1970 வரை மறு அச்சுக் காசுகள் அடித்துக் கொடுத்தன. அவை போலிகள் அல்ல. அசல் அச்சில், அரசின் ஆலையில் அடித்தவை. ஆனால் அவற்றைச் சோதனை நாணயம் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். சோதனைக் காசு, மறு அச்சு, கற்பனைக் காசு ஆகிய மூன்றும் கண்ணாடிபோலப் பளபளக்கும். பளபளப்பைப் பார்த்து மயங்காமல், இது எந்த ஆண்டில் யாருக்காக அடித்தது என்று கேட்டுப் பழக வேண்டும்.

வைப்பாறு, டப்பாவில் மற்றக் காசுகள் எவை என்று நீங்கள் இதுவரை சொல்லவில்லையே. நடுவில் துளையுள்ளவை ஏதும் உண்டா?

வைப்பாறு எழுதியது:

உண்டு ஐயா. ஒன்பது துளைக் காசுகள். பெரும்பாலானவை ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் பெயரில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கானவை. தாத்தா மொம்பாசாவுக்குப் போனதாக அம்மா சொல்வார். நீங்கள் கேட்ட பிறகு ஒவ்வொன்றையும் விளக்கொளியில் படித்துப் பார்த்தேன். ஒரு பத்து சென்ட்டில் 1936 என்றும், துளைக்கு மேலே கிரீடமும், அதைச் சுற்றி எட்டாம் எட்வர்டின் பெயரும் இருக்கின்றன. முகம் இல்லை. கறுத்து, விளிம்பு தேய்ந்து இருக்கிறது. இதுவும் கற்பனைக் காசுதானா? இதிலும் 1936 என்றே இருக்கிறது.

கம்பட்டம் எழுதியது:

இல்லை, இது முற்றிலும் அசல். இந்த ஆண்டும் சரியானது. இதைத்தான் எதிர்பார்த்துக் கேட்டேன்.

துளைக் காசில் அரசரின் முகத்துக்கு இடமில்லை. பெயரை மாற்றினால் போதும். ஆகவே முகத்தைச் செதுக்கி ஒப்புதல் வாங்கும் நீண்ட வேலை இவற்றுக்குத் தேவைப்படவில்லை. கிழக்கு ஆப்பிரிக்கா, மேற்கு ஆப்பிரிக்கா, ஃபிஜி, நியூ கினி ஆகிய நான்கு இடங்களுக்கும் எட்வர்டின் பெயரில் 1936ஆம் ஆண்டிலேயே துளைக் காசுகள் அடித்து அனுப்பினார்கள். அவை புழக்கத்துக்கும் வந்தன. லண்டனில் எட்வர்டின் காசு ஒன்றுகூடக் கடையில் கைமாறாத நிலையில், மொம்பாசாச் சந்தையில் அவர் பெயரில் தேங்காயும் மீனும் வாங்கினார்கள்.

நம் நாட்டிலும் இது நடந்தது. பிரிட்டிஷ் இந்தியக் காசுகளில் அவர் முகமோ பெயரோ வரவில்லை. ஆனால் குஜராத் பக்கத்துச் சமஸ்தானமான கச்சு 1936இல் அடித்த கோரி என்ற வெள்ளிக் காசுகளில், ஒரு பக்கம் அரசர் மூன்றாம் கேங்கார்ஜியின் பெயர் நாகரி எழுத்தில் இருக்க, மறுபக்கம் எட்டாம் எட்வர்டின் பெயர் பாரசீக எழுத்தில் இருக்கிறது. ஜோத்பூரின் செப்புக் கால் அணாவிலும் அவர் பெயர் உண்டு. இவையெல்லாம் புழங்கியவை. சில நூறு ரூபாயில் தொடங்கிச் சில ஆயிரத்துக்குள் இன்றும் கிடைப்பவை.

உங்கள் பத்து சென்ட்டில் ஆலையின் எழுத்து ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். எச் என்றால் பர்மிங்காமின் ஹீட்டன் ஆலை; கே, என் என்றால் அங்கேயே இருந்த கிங்ஸ் நார்ட்டன் ஆலை. எழுத்தே இல்லையென்றால் லண்டன்.

நடுத்தூண் எழுதியது:

இந்தப் பத்து சென்ட்டுக்கு என் முழு வாக்கு. வைப்பாறு, தேய்ந்த விளிம்பைத் துடைத்துவிடாதீர்கள், பிரஷ் போடாதீர்கள்.

கம்பட்டம் ஐயா சொன்ன அரைக் கிரவுன் ஒப்பீட்டை இன்று படங்களில் பார்த்தேன். கொடி கேடயமான இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டேன் என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன். ஆவண அறையில் இருக்க வேண்டியவை என்ற கருத்தில் மாற்றமில்லை. ஆனால் அந்த அறைக்குள் போய்ப் பார்க்க வேண்டியவை என்று சேர்த்துக்கொள்கிறேன்.

வைப்பாறு எழுதியது:

பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தேன். எச் எழுத்து தெளிவாக இருக்கிறது.

அம்மாவிடம் கேட்டபோது இன்னொன்றும் தெரியவந்தது. பெரிய வெள்ளிக் காசு தாத்தா கப்பலில் போன காலத்தது அன்று. ஓய்வுபெற்று ஊரில் இருந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பரிசாகக் கொடுத்ததாம். தாத்தா அதை யாரிடமும் காட்டியதில்லை. துளைக் காசுகளை மட்டும் அவ்வப்போது எடுத்துக் கயிற்றில் கோத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவாராம்.

இரண்டையும் தனித்தனி உறையில் போட்டிருக்கிறேன். ஒன்றின்மேல் "கற்பனைக் காசு, 92.5 வெள்ளி, 28.20 கிராம்" என்றும், மற்றதன்மேல் "கிழக்கு ஆப்பிரிக்கா, 10 சென்ட், 1936, எட்டாம் எட்வர்டு, ஹீட்டன் ஆலை, தாத்தா மொம்பாசாவில் வாங்கியது" என்றும் எழுதியிருக்கிறேன். வாங்கியது என்பது சரியான சொல்லா, அல்லது சம்பாதித்தது என்று எழுத வேண்டுமா?

மூன்றுபைசா எழுதியது:

சம்பாதித்தது என்றே எழுதுங்கள்.